நிறமின்மையும் திரையின்மையும்: ஒளிப்படக்கருவியின் வரலாற்றில் ஒரு தெரிவு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கூட்டலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முன்னைய கருவி செய்யமாட்டாத ஒன்றைப் பின்னைய கருவி செய்யும். அதுவே முன்னேற்றம் எனப்படும். ஒளிப்படக்கருவியும் இதற்கு விலக்கன்று. 1839 ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் டாகேரின் முறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட காலந்தொட்டு, விரைவு, நுண்மை, நிறம், எளிமை என ஒன்றன்பின் ஒன்றாகப் பேறுகள் அதனைச் சேர்ந்துகொண்டே வந்தன.

இவ்வளர்ச்சியின் போக்கில் அண்மைக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு வியப்பூட்டுவன. 2012 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் லைக்கா நிறுவனம் ‘எம் மொனோகுரோம்’ என்னும் டிஜிற்றல் கமராவை வெளியிட்டது. கறுப்பு வெள்ளையன்றி வேறெதனையும் அது பதியாது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 2016 இல், அதே நிறுவனம் ‘எம்-டி’ என்னும் கமராவை விற்பனைக்கு விட்டது. அது நிறத்தைப் பதியும். ஆயின் எடுத்த படத்தைக் காட்டுதற்குரிய திரை அதன் முதுகில் இல்லை. ஒன்று நிறத்தைக் கழித்தது. மற்றது திரையைக் கழித்தது. கழித்த பின்னரும் இரண்டும் தத்தம் சாதாரண மாதிரிகளிலும் கூடிய விலைக்கே விற்கப்பட்டன.

இவ்விரண்டில் எதனைத் தெரிவது என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, பொருள் படைத்தோர் சிலரின் கடைத்தெரு வினாவேயாகும். எனினும், இருபதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதப்புகும் எவரும் ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளாது எழுத இயலாது. அச்சான்று எவ்வாறு உருவாகிறது, எதனைப் பேணுகிறது, எதனை இழக்கிறது என்பதை அறிதல் வரலாற்று மாணவனின் கடன். அந்நிலையில் நின்று நோக்கினால், நிறமின்மைக்கும் திரையின்மைக்கும் இடையிலான தெரிவு, வருங்காலத்துக்கு எவ்வகைச் சான்று விட்டுச்செல்லப்படும் என்ற வினாவாகவே விரிகின்றது.

இரு இன்மைகளும் ஒன்றாயிருந்த காலம்

லைக்காவின் தோற்றமே ஒரு கழித்தலில் தொடங்கியது எனலாம். ஒஸ்கார் பார்னாக் 1911 இல் வெற்ஸ்லார் நகரிலிருந்த ஏர்ன்ஸ்ற் லைற்ஸ் நுணுக்குக்காட்டித் தொழிலகத்திற் சேர்ந்தார். ஆஸ்துமா நோயுடைய அவருக்குப் பாரமான கண்ணாடித் தட்டுகளையும் பெருங்கமராவையும் சுமந்து மலைகளில் ஏறுவது அரிதாயிற்று. ஆகவே சினிமாவுக்குரிய 35 மி.மீ. படச்சுருளைக் கொண்டு இயங்கும் சிறு கமராவொன்றை அவர் 1914 அளவில் உருவாக்கினார். சினிமாப் படச்சட்டத்தை இருமடங்காக்கி 24×36 மி.மீ. அளவை அவர் வகுத்தார். உலகப்போரும் அதன் பின்னான பொருளாதாரச் சீர்குலைவும் அம்முயற்சியைத் தாமதப்படுத்தின. 1924 இல் இரண்டாம் ஏர்ன்ஸ்ற் லைற்ஸ் துணிந்து முடிவெடுக்க, 1925 ஆம் ஆண்டின் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா உலகின் முன் வைக்கப்பட்டது.

அக்கமராவை வாங்கியவர் எவரும் நிறத்துக்கும் திரைக்கும் இடையே தெரிவு செய்யவேண்டியிருக்கவில்லை. அதில் இரண்டுமே இல்லை. படச்சுருள் கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. எடுத்த படத்தை இருட்டறைக்குச் செல்லும்வரை காணவும் இயலாது. இவ்விரு இன்மைகளும் கலைஞன் விரும்பி ஏற்ற நோன்புகளல்ல. அக்காலத்து இரசாயனவியலின் எல்லைகள். ஆயினும் எல்லைக்குள் நின்று தொழிற்பட்டோர் அவ்வெல்லையையே தம் கலைக்கு இலக்கணமாக மாற்றிக்கொண்டனர்.

கறுப்பு வெள்ளையென்பது நிறம் நீங்கிய உலகமன்று. நிறம் ஒளியளவாக மொழிபெயர்க்கப்பட்ட உலகமாகும். அம்மொழிபெயர்ப்பு எவ்வாறு அமையும் என்பதைப் படமெடுப்பவன் முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். தொடக்ககாலத் தட்டுகள் நீலத்தை மட்டுமே நன்கு உணர்ந்தன. செம்மை கருமையாகவும் நீலவானம் வெறும் வெண்மையாகவும் விழுந்தன. 1873 இல் ஜேர்மனிய அறிஞர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயங்களைச் சேர்ப்பதன்மூலம் தட்டின் உணர்திறனை ஏனைய நிறங்களுக்கும் விரிக்கலாம் எனக் கண்டார். இதன்வழி எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் பின்னர் பழக்கத்துக்கு வந்தபோது, வில்லையின் முன் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு வடிகட்டிகளை இட்டு வானையும் முகிலையும் தோலையும் இலையையும் வேறுவேறு ஒளியளவுகளாகப் பிரித்துக்காட்டும் ஆற்றல் கைகூடிற்று.

இவ்வாற்றலின் சிறந்த எடுத்துக்காட்டு 1927 ஏப்பிரல் 10 ஆம் நாளுக்குரியது. கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையின் எதிரே நின்ற அன்சல் அடம்ஸிடம் எஞ்சியிருந்த தட்டுகள் இரண்டே. ஒன்றை மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தார். எடுத்ததும், அப்பாறை தம் மனத்தில் எழுப்பிய அச்சமும் வியப்பும் அப்படத்தில் வாரா என உணர்ந்து, எஞ்சிய ஒரே தட்டுக்கு அடர்ந்த சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். வானம் ஏறக்குறையக் கருமையாக, பாறை அதன்முன் பேருருக்கொண்டு நின்ற அப்படமே அவருடைய கலையின் திருப்புமுனையாயிற்று. படம் கருவியிற் பதிவதற்கு முன் மனத்திற் பதியவேண்டும் என்ற கோட்பாட்டை அவர் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியிலிருந்தே விளக்கினார். அவரிடம் நிறமும் இருக்கவில்லை, திரையும் இருக்கவில்லை, மூன்றாவது தட்டும் இருக்கவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

இலங்கையிலும் இம்மரபுக்கு ஒரு பெரும் பிரதிநிதி உண்டு. 1900 முதல் 1944 வரை வாழ்ந்த லயனல் வெண்ட், 43 ஆம் குழுவின் தாபகர்களுள் ஒருவராகவும், ‘இலங்கையின் பாடல்’ என்ற 1934 ஆம் ஆண்டு விவரணப்படத்தின் குரலாகவும் அறியப்பட்டவர். அவருடைய ஒளிப்படங்களில் இந்நாட்டு மனிதரும் நிலமும் ஒளியும் நிழலுமாகவே எஞ்சியுள்ளன. அவர் இருட்டறையில் நிகழ்த்திய சோதனைகள், படமெடுத்தல் பொத்தானை அழுத்தியவுடன் முடிவதன்று என்பதைக் காட்டுவன. கொழும்பிலுள்ள அவர் பெயர் தாங்கிய அரங்கை அறிந்தோர் பலர். அவருடைய படங்களின் முன் நின்றோர் சிலரே.

நிறத்தின் வருகை

1907 இல் லூமியேர் சகோதரர் ‘ஒட்டோகுரோம்’ தட்டுகளை விற்பனைக்கு விட்டனர். உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு நிறமூட்டித் தட்டின்மேற் பரப்பி, அம்மணிகளூடே ஒளியைச் செலுத்தி நிறம் பதியும் முறை அது. பிற்காலத்து டிஜிற்றல் கருவியின் நிறப்பதிவுக்கு இது ஒருவகையில் மூதாதை என்பது பின்னர் புலனாகும். 35 மி.மீ. கமராவுக்குரிய நிறப்படச்சுருள் பரவலாகக் கிடைத்தது 1936 இலேயே. அவ்வாண்டில் அமெரிக்காவின் கொடாக்குரோமும் ஜேர்மனியின் அக்ஃபாகலரும் கடைக்கு வந்தன.

அன்று முதல் கறுப்பு வெள்ளை விதியாக இல்லாது விருப்பமாக மாறத்தொடங்கியது. ஆயின் இம்மாற்றத்தைக் கலையுலகம் எளிதில் ஏற்கவில்லை. நிறம் விளம்பரத்துக்கும் குடும்பப் படங்களுக்கும் உரியது, கலைக்கு உரியதன்று என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 1976 இல் நியூயோர்க் நவீனகலை நூதனசாலையில் ஜோன் சார்க்கோவ்ஸ்கி ஒழுங்குசெய்த வில்லியம் எகிள்ஸ்ரனின் நிறப்படக் காட்சி கடும் கண்டனத்துக்குள்ளானமை இதற்குச் சான்று. பின்னர் அக்காட்சியே நிறப்படத்தைக் கலையாக ஏற்ற வரலாற்றின் எல்லைக்கல்லாகக் கொள்ளப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. படச்சுருள் காலத்தில் நிறமா நிறமின்மையா என்ற தெரிவு கருவியைச் சார்ந்திருக்கவில்லை, சுருளைச் சார்ந்திருந்தது. முப்பத்தாறு படங்கள் முடிந்ததும் அதே கமராவில் வேறொரு சுருளை இடலாம். டிஜிற்றல் காலத்தில் உணரி கமராவினுள் நிலையாகப் பொருத்தப்பட்டமையால், அத்தெரிவு ஒரு சுருளுக்கு மட்டும் உரியதாயிராது கருவியின் ஆயுளுக்கே உரியதாயிற்று.

காணாதிருத்தலும் காணும் ஆவலும்

இரண்டாவது இன்மையின் வரலாறு இவ்வளவு வெளிப்படையானதன்று. எடுத்த படத்தை உடனே காணவேண்டும் என்ற ஆவல் மனிதரிடம் என்றும் இருந்தது. எடுத்த படத்தைத் தான் ஏன் இப்பொழுதே பார்க்கமுடியாது என 1943 இல் தம் சிறுமகள் கேட்ட கேள்வியே உடனடிப் படமுறையை ஆராயத் தம்மைத் தூண்டியது என எட்வின் லாண்ட் கூறியுள்ளார். 1948 இன் இறுதியில் பொஸ்ரன் நகரில் முதலாவது பொலரோயிட் கமரா விற்பனைக்கு வந்தது. பின்னர் தொழில்முறைப் படப்பிடிப்பாளர், முதன்மைப் படத்துக்கு முன் ஒளியமைப்பைச் சோதிப்பதற்குப் பொலரோயிட் படத்தை வழக்கமாகப் பயன்படுத்தினர். ஆகவே, டிஜிற்றல் திரை புதியதொரு ஆவலைத் தோற்றுவிக்கவில்லை. பழைய ஆவலை எங்கும் நிறைவேற்றிக்கொடுத்தது.

எனினும் காணாதிருத்தலால் விளைந்த நன்மைகளும் உண்டு. 1947 இல் மக்னம் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஹென்றி கார்த்தியே-பிரெசோன், அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆசியப் பயணத்தை மேற்கொண்டார். 1948 சனவரி 30 ஆம் நாள் காந்தியடிகள் கொலையுண்டபோது அவர் டெல்லியில் இருந்தார். இறுதி ஊர்வலத்தை லைக்காவில் பதிந்தார். படங்களைத் தாமே கழுவும் வழக்கம் அவருக்கில்லை. சுருள்கள் தொலைவுக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்துச் செய்திப் படப்பிடிப்பாளர் பலருக்கும் போலவே, படமெடுத்தலும் படத்தைக் காணுதலும் அவருக்கு இருவேறு இடங்களுக்கும் காலங்களுக்கும் உரிய செயல்களாயிருந்தன. களத்தில் அவர் கண் முன்னால் நிகழ்வதை மட்டுமே நோக்கியது.

இவ்விடைவெளியை வேண்டுமென்றே நீட்டியவர் நியூயோர்க்கைச் சேர்ந்த கரி வினோகிராண்ட். படமெடுத்த வேளையின் உணர்ச்சி, படத்தைத் தெரிவு செய்யும் வேளையின் தீர்ப்பைக் கெடுத்துவிடும் எனக் கருதிய அவர், சுருள்களை ஓராண்டும் அதற்கு மேலும் கழுவாது வைப்பார். 1984 இல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் சுமார் 2,500 உம், கழுவியும் அச்சிட்டுப் பார்க்கப்படாத சுருள்கள் சுமார் 6,500 உம் எஞ்சியிருந்தன. அவற்றைப் பிறர் கழுவி ஆராய்ந்து, 1988 இல் நவீனகலை நூதனசாலையில் நிகழ்ந்த அவருடைய நினைவுக் காட்சியில் சிலவற்றை இடம்பெறச் செய்தனர். தாம் எடுத்தும் தாம் காணாத படங்களை ஒரு கலைஞர் உலகுக்கு விட்டுச்சென்றார் என்பது எண்ணுதற்குரியது. மிதமிஞ்சிய எடுப்பு அது என்று குறைகூறுவோரும் உளர். அக்குறையிலும் உண்மை உண்டு. ஆயினும் அப்படங்கள் அழியாதிருந்தமையாலேயே அவற்றின் தகுதியைப் பற்றிய விவாதமும் இயல்வதாயிற்று.

டிஜிற்றல் கருவியின் தோற்றம்

1975 இல் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் முதலாவது டிஜிற்றல் கமராவின் மாதிரியை உருவாக்கினார். ஏறக்குறைய 3.6 கிலோகிராம் எடையுடைய அக்கருவி, 100×100 என்ற அளவில், அதாவது பதினாயிரம் பிக்சல்களில், படத்தைப் பதிந்தது. ஒரு படம் ஒலிநாடாப் பேழையிற் பதிவதற்கு 23 வினாடிகள் சென்றன. அப்படம் கறுப்பு வெள்ளையானது; அதனைக் காண நாடாவைத் தனியான வாசிப்புக் கருவியிலிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிற் பார்க்கவேண்டும். ஆக, முதலாவது டிஜிற்றல் கமராவில் நிறமும் இல்லை, திரையும் இல்லை. பிற்காலத்தில் உயர்விலைக்கு விற்கப்பட்ட இரு இன்மைகளும் அதன் பிறப்பிலேயே இருந்தன.

அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு இவ்விரு குறைகளும் நீங்கிய வரலாறாகும். 1976 இல் அதே கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் ஒரு காப்புரிமையைப் பெற்றார். உணரியின் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளுள் ஒன்றை இடுதல் அதன் சாரம். மனிதக் கண் பச்சைக்கு மிகவும் கூர்மையாதலால் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தையே அறியும்; ஏனைய இரண்டும் அயலிலுள்ள பிக்சல்களைக்கொண்டு கணிக்கப்படும். லூமியேரின் மாமணிகள் செய்த பணியை இவ்வொழுங்கான சதுரங்கம் ஏற்றுக்கொண்டது.

1990 இல் விற்பனைக்கு வந்த டைகாம் கமராவும் கறுப்பு வெள்ளையாகவே பதிந்தது. கணினியுடன் இணைத்த பின்னரே படத்தைக் காணலாம். 1991 இல் கொடாக் நிறுவனம் நைக்கோன் எஃப்3 கமராவை அடியாகக் கொண்டு செய்த 1.3 மில்லியன் பிக்சல் கருவியில், தோளிற் சுமக்கும் தனிப்பெட்டியில் திரை இருந்தது. 1995 இல் யப்பானின் கசியோ கியூவி-10 கமரா 1.8 அங்குலத் திரையைத் தன் முதுகிலேயே தாங்கிச் சாதாரண மக்களிடம் வந்தது. அதன் படம் செறிவு குறைந்தது. ஆயினும், எடுத்ததும் காணலாம், வேண்டாததை அழிக்கலாம் என்ற இரண்டும் மக்களைக் கவர்ந்தன. அதன்பின் திரையில்லா டிஜிற்றல் கமரா அருகிற்று. நிறமும் திரையும் கேள்விக்கிடமற்ற உடைமைகளாயின.

கூட்டலிலிருந்து கழித்தலுக்கு

லைக்கா நிறுவனம் டிஜிற்றல் யுகத்துக்குத் தாமதமாகவே வந்தது. அதன் எம் வரிசையின் முதலாவது டிஜிற்றல் கமராவான எம்8, 2006 இல் வெளிவந்தது, 35 மி.மீ. படச்சட்டத்தின் முழு அளவையுடைய எம்9, 2009 இல் வந்தது. ஏனைய நிறுவனங்கள் விரைவிலும் வசதியிலும் முந்திச்சென்றமையால், லைக்காவின் பலம் அதன் மரபிலேயே தங்கியிருந்தது. மரபை விற்பதற்கு அது கண்ட வழிகளுள் ஒன்றே கழித்தல்.

2012 இன் எம் மொனோகுரோம் உண்மையில் எம்9 இன் 18 மில்லியன் பிக்சல் உணரியிலிருந்து பேயர் வடிகட்டியை நீக்கிய கருவியாகும். நீக்கியதன் பயன் வெறும் அழகியலன்று. வடிகட்டி விழுங்கிய ஒளி முழுவதும் பிக்சலைச் சென்றடைந்தது. எம்9 இன் அடிப்படை உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 160 ஆக, மொனோகுரோமினது 320 ஆயிற்று. மேலெல்லை 2,500 இலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. அயற்பிக்சல்களைக்கொண்டு கணிக்கும் வேலை ஒழிந்தமையால் நுண்விவரமும் கூர்மையடைந்தது. 2015, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் இவ்வரிசை புதுப்பிக்கப்பட்டது; 2023 ஆம் ஆண்டின் கருவி 60 மில்லியன் பிக்சல்களையுடையது. அதே ஆண்டில் யப்பானின் பென்ராக்ஸ் வரிசையிலும் கறுப்பு வெள்ளைக் கமராவொன்று வெளிவந்தமை, இது ஒரு நிறுவனத்தின் விநோதம் மட்டுமன்று என்பதைக் காட்டுகிறது.

திரையின்மையின் வரவு முதலில் ஒரு கொண்டாட்டமாகவே நிகழ்ந்தது. எம் வரிசையின் அறுபதாம் ஆண்டை முன்னிட்டு 2014 இல் 600 கருவிகள் மட்டும் திரையின்றிச் செய்யப்பட்டன. 2016 இன் எம்-டி அதனைப் பொதுவிற்பனைக்குரியதாக்கியது. திரை இருக்கவேண்டிய இடத்தில் உணர்திறனைத் தெரியும் வட்டத்திருகி ஒன்று இருந்தது. படங்கள் பதப்படுத்தாத மூலக் கோப்பு வடிவில் மட்டும் சேமிக்கப்பட்டன. 2018 இன் எம்10-டி, 2024 இன் எம்11-டி ஆகியவை கைத்தொலைபேசியுடன் கம்பியின்றி இணையும் வசதியைப் பெற்றன. கதவால் வெளியேற்றிய திரையைச் சாளரத்தால் உள்ளே விட்ட கதை இது எனின் மிகையாகாது.

இரு இன்மைகளும் ஒன்றல்ல

படச்சுருள் காலத்தில் ஒன்றாயிருந்த இரு இன்மைகள் இவ்வாறு இரு பண்டங்களாகப் பிரிந்தன. பிரிந்தபோதுதான் அவற்றின் இயல்பு வேறுபாடு வெளிப்பட்டது.

முதலாவது வேறுபாடு மீட்சி பற்றியது. கறுப்பு வெள்ளை உணரி நிறத்தை அறியவே அறியாது. அறியாததைப் பின்னர் எவ்வழியாலும் மீட்க இயலாது. அடம்ஸ் செய்தது போல வடிகட்டியை வில்லையின் முன் இட்டே ஆகவேண்டும். நிறக்கோப்பிலோ சிவப்பை உயர்த்தி நீலத்தைத் தாழ்த்தி அதே விளைவைப் பின்னர் கணினியிற் பெறலாம். திரையில்லாக் கமராவில் எதுவும் இழக்கப்படுவதில்லை. காணுதல் மட்டும் ஒத்திவைக்கப்படுகிறது. முன்னது பொருளின் இன்மை. பின்னது காலத்தின் இன்மை.

இரண்டாவது வேறுபாடு பதிலீடு பற்றியது. திரையுள்ள கமராவின் திரையை அணைத்துவிடலாம். ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டியும் மறைக்கலாம். ஆயின் நிறக்கமராவின் வடிகட்டியை விரலால் நீக்க இயலாது. கணினியில் நிறத்தை அகற்றுவதனால் உணரி இழந்த ஒளி திரும்பாது. ஆகவே மொனோகுரோம் தருவதை வேறு வழியிற் பெறுதல் அரிது. எம்-டி தருவதை மனவுறுதியாற் பெறலாம். மனவுறுதியை விலைகொடுத்து வாங்குவதா என்று எம்-டியைப் பழிப்போரின் வாதம் இதுவே. அவ்வாதம் வலியது, ஆயினும் பழக்கத்தின் முன் மனவுறுதி எத்துணை மெலியது என்பதை அது கருத்திற் கொள்ளவில்லை.

மூன்றாவது ஒரு முரண். நிறக்கோப்பில் ஒளி மிகுந்து ஒரு நிறத்தின் பிக்சல்கள் நிரம்பிவிடினும், நிரம்பாத ஏனைய நிறங்களின் துணைகொண்டு விவரத்தை ஓரளவு மீட்கலாம். கறுப்பு வெள்ளை உணரியில் அத்தகைய துணை இல்லை. நிரம்பிய இடம் வெறும் வெண்மையே. எனவே மொனோகுரோமைக் கையாள்பவன் ஒளியளவைத் திரையில் அடிக்கடி சரிபார்க்கவேண்டியவனாகிறான். நிறத்தைத் துறந்தவனுக்குத் திரை மேலும் தேவைப்படுகிறது. திரையைத் துறந்தவனுக்கு நிறம் தரும் மீட்சி தேவைப்படுகிறது. பார்னாக்கின் கமராவில் இயல்பாகப் பொருந்தியிருந்த இரண்டும் டிஜிற்றல் கருவியில் ஒன்றையொன்று தாங்கும் தூண்களாகிவிட்டன.

வரலாற்றாசிரியனின் நோக்கு

கலைஞனின் பக்கம் நின்றால் மொனோகுரோமின் வழக்கு வலுவானது. அது கழித்ததற்கு ஈடாக ஒன்றைத் தருகிறது. ஒளியளவில் உலகைக் காணும் கண்ணுடையவனுக்கு அக்கொடை பெரிது. ஆனால் ஒளிப்படம் கலைஞனுக்கு மட்டும் உரியதன்று. அது பிற்காலத்தாருக்கும் உரியது. அவர்கள் பக்கம் நின்று நோக்கும்போது தராசு மறுபுறம் தாழ்கின்றது.

இதனை விளக்குதற்கு அமெரிக்காவின் ஒரு சேமிப்பே போதும். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது நாட்டுப்புற மக்களின் நிலையைப் பதிவதற்காக 1935 இல் அரசாங்கம் ஒரு படப்பிரிவை நிறுவியது. பின்னர் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பிரிவாக அறியப்பட்ட அதற்கு றோய் ஸ்றைக்கர் தலைவராயிருந்தார். டொரத்தியா லாங், வோக்கர் எவன்ஸ், லைக்காவுடன் தெருக்களில் உலாவிய பென் ஷான் முதலியோர் அதிற் பணிபுரிந்தனர். அவர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே அக்காலம் உலகின் நினைவில் நிலைபெற்றது.

அச்சேமிப்பில் இரு பாடங்கள் உண்டு. முதலாவது, 1939 இலிருந்து அப்பிரிவினர் கொடாக்குரோமிலும் படமெடுத்தனர். சுமார் 1,600 நிறப்படங்கள் எஞ்சியுள்ளன. அவை நெடுங்காலம் பரவலாக அறியப்படாதிருந்து பிற்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தபோது, பார்த்தோர் திகைத்தனர். சாம்பல் நிறமானது என எண்ணப்பட்ட ஒரு காலம் செம்மண்ணும் நீலவானும் பூப்போட்ட சட்டைகளும் உடையதாய் எழுந்து நின்றது. வறுமைக்கும் நிறம் உண்டு என்பதை அந்தச் சிறு தொகுதியே உணர்த்தியது. நிறப்படம் முற்றாக நடுநிலையானது என்று கொள்ளுதலும் தவறு. கொடாக் நிறுவனம் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்ணின் படமுள்ள அட்டையைக்கொண்டே நிறத்தைச் சரிபார்த்தமையும், கருமையான தோல் அதனால் சரிவரப் பதியாது போனமையும் நன்கறியப்பட்டவை. எனினும் குறைபட்ட சான்று இல்லாத சான்றிலும் மேலானது.

இரண்டாவது பாடம் மேலும் கூரியது. தமக்கு ஒவ்வாத எதிர்ப்படங்களை ஸ்றைக்கர் துளையிட்டுக் கெடுத்தார். அவற்றை எடுத்தவர்களுக்கு அது பெருமனக்குறையை உண்டாக்கிற்று. ஆயினும் துளையிடப்பட்ட சுருள் துண்டுகள் எறியப்படவில்லை. அவற்றுட் பல அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற் பேணப்பட்டு, பிற்காலத்து ஆய்வாளருக்குப் பயன்பட்டுள்ளன. ஒரு தலைவர் எதனைத் தகுதியற்றது எனத் தள்ளினார் என்பதே அக்காலத்தின் மனப்போக்குக்குச் சான்றாயிற்று. கரும்புள்ளி நடுவே இருப்பினும் சுற்றியுள்ள முகங்கள் இன்றும் தெரிகின்றன.

டிஜிற்றல் திரையின் கீழுள்ள அழித்தற்பொத்தான் இவ்வாறு துளையிடுவதில்லை, தடயமின்றித் துடைத்துவிடுகிறது. அதுவும் படமெடுத்த மறுகணத்தில், எடுத்தவனின் ஆவலும் ஏமாற்றமும் ஆறுமுன் நிகழ்கிறது. கண் மூடிய முகம், குறுக்கே வந்த வழிப்போக்கன், பின்னணியில் தற்செயலாக விழுந்த கடைப்பலகை என்பன எடுப்பவனுக்குப் பிழைகள். ஐம்பது ஆண்டுகளின் பின் வருபவனுக்கு அவையே செய்திகள். திரையில்லாக் கமராவின் முதுகில் அழித்தற்பொத்தான் இல்லை. அதனால் எடுத்தவை யாவும் வீடுவரை வந்தே தீரும். வீட்டிலும் அழிக்கலாம் என்பது உண்மை. ஆயின் அது ஆறிய மனத்தின் தீர்ப்பு. வினோகிராண்ட் ஓராண்டு காத்திருந்து பெற முயன்றதை, இக்கருவி ஒரு மாலைப்பொழுதளவேனும் தருகின்றது.

இவ்வாதத்துக்கு எல்லைகளும் உண்டு. உடனுக்குடன் படத்தை அனுப்பவேண்டிய செய்திப் படப்பிடிப்பாளனுக்குத் திரையின்மை இடையூறே. டிஜிற்றல் கோப்புகளும் அழிவற்றவையல்ல; கவனிப்பாரற்ற வன்தட்டு, கவனிப்பாரற்ற சுருளிலும் விரைவில் ஊமையாகிவிடக்கூடும். இக்கருவிகளின் விலையோ பெரும்பாலாரின் கைக்கு எட்டாதது. எல்லாம் உடையவன் ஒன்றைத் துறப்பதற்கும் இல்லாதவன் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடல் ஆகாது. பார்னாக்கின் எளிமை தேவையிலிருந்து பிறந்தது. அவருடைய வழித்தோன்றல்களின் எளிமை வாங்கப்படுவது.

ஆயினும் வினாவின் சாரம் விலையில் இல்லை. படமெடுப்பவன் இரு உரிமைகளை உடையவன். ஒன்று, உலகத்திலிருந்து எதனை எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை. மற்றது, எடுத்தவற்றுள் எது வாழும், எது அழியும் என்று தீர்ப்பளிக்கும் உரிமை. நிறமில்லாக் கமரா முதலாவது உரிமையை அவனிடம் முழுமையாக ஒப்படைத்து, அதன் விளைவைப் பிற்காலத்தார்மீதும் சுமத்துகின்றது. திரையில்லாக் கமரா இரண்டாவது உரிமையைச் சிறிது காலம் அவனிடமிருந்து வாங்கி வைக்கின்றது. தன் கண்ணை நம்பும் கலைஞன் முன்னதைத் தெரிவதில் தவறில்லை. ஆனால் தான் காண்பதன் முழுப்பொருளும் தனக்கு இன்றே விளங்கிவிடாது என்று கருதும் ஒருவன் பின்னதையே தெரிவான். வரலாறு பெரிதும் கடமைப்பட்டிருப்பது அத்தகையோருக்கே. ஸ்றைக்கரின் துளைகளைச் சுற்றி எஞ்சிய முகங்கள் அதற்குச் சாட்சி.